நாற்பது அடி தூரத்துச் சலாம்

ஆரோக்கியமேரியின் நாலு வரிச் சீட்டு ஒன்றுக்காக மதராஸ் மெயில் ஆம்பூர் ஸ்டேஷனில் கால் மணி நேரம் கைகட்டி நின்றது. இன்ஜின் டிரைவர் இறங்கி வந்து, இவ்வளவு தெளிவாக எழுதிய மகராசி யார் என்று விசாரித்தார். கார்டு தொப்பியைக் கழற்றினார். இதில் மிகை இருக்கிறது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொப்பியை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கிறேன், டிரைவரையும் விட்டுவிடலாம். ஆனால் அந்தச் சீட்டு நிஜம். அதற்கு மூன்று மாதம் முன்னால் அறுநூறு ஆட்டுத்தோல் வீணாய்ப் போனதும் நிஜம்.

ஆரோக்கியமேரி பிறந்தது வேலூரை ஒட்டிய பாகாயத்தில். அப்பா மிஷன் பங்களாவில் தோட்டக்காரர். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தாள். படித்தாள் என்பதைவிட, பள்ளிக்கூடத்துக்குள் ஏழு வருஷம் நடந்தாள் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். ஒரு பெஞ்சில் அவள் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை எந்த டீச்சரும் பார்த்ததில்லை. கை சும்மா இருக்காது, கால் சும்மா இருக்காது. கண் மட்டும் புத்தகத்தில் இருக்கும்.

ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் அவளுக்கு வயது பதினேழு. சுற்றுப்பட்டில் வீட்டுக்கு ஒருவன் பட்டாளத்தில் இருந்தான். பஸ்ராவிலிருந்து கடிதம் வந்தால் பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடி வருவார்கள். "இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று அவள் ஆரம்பித்தால் போதும், கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"அதெல்லாம் அப்பால படிக்கலாம் மேரி. ஆளு உசிரோட கீறானா, அத்தச் சொல்லு."

அவள் கண்ணை ஓட்டி நடுவில் எங்கேயோ பதுங்கிக் கிடக்கும் அந்த ஒரு வரியைப் பிடிப்பாள். "கீறாரு. காலில் அடி. ஆஸ்பத்திரியில கீறாரு." அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும், க்ஷேமம் எல்லாம் காதில் விழும். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் முதலில் விஷயத்தைத் தேடும் பழக்கம் அவளுக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தாள். புருஷன் சின்னப்பன் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வரும் வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அந்த லைனுக்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் வேலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு தை மாதத்தில், ஒரு கட்டை சரிந்து அவன் காலில் விழுந்தது. ஆடி வரைக்கும் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்றார் டாக்டர். ஆகவே மேரி நிசார் அஹமது சாயபுவின் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தாள். தோல் பதனிடும் இடத்தை அந்தப் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வார்கள். முதலில் ஆவாரம்பட்டைக் கட்டுகளை அடுக்கும் வேலை. அவளுக்குப் படிக்க வரும் என்று தெரிந்ததும் சீட்டு படிக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. ஆபீசிலிருந்து வரும் சீட்டை, தோல் ஊறும் குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் படித்துச் சொல்ல வேண்டும். உட்காரத் தெரியாதவளுக்கு வாய்த்த வேலை. வீட்டு அடுப்பு அவள் ஒருத்தியின் கூலியில்தான் எரிந்துகொண்டிருந்தது.

சாயபு மாதத்தில் பாதி நாள் மதராஸில், பெரியமேட்டில். ஷாப்பை நடத்தியது ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் முன்ஷி மக்பூல் அகமது. மேல்விஷாரத்துக்காரர், மெல்லிய உடம்பு, வெள்ளை ஷெர்வானி. அவர் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், உருதுவானாலும் தமிழானாலும். நாணல் பேனாவை மசியில் தோய்த்து அவர் ஒரு எழுத்தைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு தோலையே பதனிட்டுவிடலாம் என்று ஆட்கள் கேலி செய்வார்கள். ஆபீஸ் ஜன்னலுக்கும், மயிர் கழலத் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்கும் தூரம் நாற்பது அடி. அந்த நாற்பது அடியை அவர் ஒரு நாளும் நடந்ததில்லை. நாற்றம் ஆகாது. அதனால் எல்லாம் சீட்டுதான்.

சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி கன்னியப்பன். தோலைத் தொட்டுப் பார்த்தே அது எத்தனை நாள் ஊறியது என்று சொல்லிவிடுவான், ஆனால் ஒரு எழுத்து தெரியாது. அவன் சாதாரணமாகப் பேசினாலே ரோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவு பெரிய தொண்டை. அவனுக்கு முன்ஷி எழுதும் சீட்டு இந்த மாதிரி இருக்கும்:

"மேன்மை பொருந்திய, அன்பும் பண்பும் நிறைந்த கன்னியப்ப மேஸ்திரி அவர்கள் சமுகத்துக்கு, மக்பூல் அகமது அநேக சலாம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் ஆண்டவன் கிருபையால் நலம். தங்கள் நலமும் தங்கள் குடும்பத்தார் நலமும் தங்கள் கீழ் வேலை செய்வோர் சகலருடைய நலமும் அறிய ஆவல். இப்பவும் வெயில் கடுமையாக இருப்பதால் தாங்கள் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியது. சகலருக்கும் சலாம். மேலும், மேற்படி குழி விஷயமாக முன்னம் பேசிக்கொண்ட பிரகாரம் தாமதமின்றிச் செய்துகொள்ளவும்."

நாற்பது அடிக்கு இது. ஜன்னலில் நின்று கூப்பிட்டால் கேட்கும்.

சீட்டு வந்தால் குழியாட்கள் எல்லோரும் சுண்ணாம்புக் கையைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையாக நிற்பார்கள். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்கும். "சகலருக்கும் சலாம்" என்ற இடம் வந்ததும், "சலாம், சலாம்" என்று பதில் சொல்லிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். சலாமோடு கடிதம் முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. முன்ஷியின் கணக்கு வேறு. எல்லோருக்கும் மரியாதை செய்து முடித்த பிறகுதான் வேலையைச் சொல்ல வேண்டும். ஆகையால் வேலை எப்போதும் சலாமுக்கு அந்தப் பக்கம் கிடக்கும். மேரி அதை மட்டும் முதுகுகளைப் பார்த்துப் படிப்பாள்.

சித்திரை மாதம், ஒரு வியாழக்கிழமை. சீட்டு வந்தது, படித்தாள், கலைந்தார்கள். அவள் கன்னியப்பன் பின்னாலேயே ஓடினாள்.

"மேஸ்திரி, மேற்படி குழின்னு கீது. எது அது?"

"நேத்து ஜன்னலாண்ட முன்ஷி கூட ரெண்டு குழியப் பத்திப் பேசினோமே. நாலும் பேசினோம், ஆறும் பேசினோம்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆறுல பழைய சுண்ணாம்ப எறைக்கச் சொன்னாரு. அதாத்தான் இருக்கும்."

"இருக்கும்னா?"

"அதாத்தாம்மா. உனுக்கு இன்னா பேஜாரு."

அவளுக்குப் பேஜார்தான். ஆபீசுக்கு ஓடினாள். முன்ஷி அதற்குள் ஏதோ கல்யாணத்துக்காக மேல்விஷாரம் கிளம்பிப் போயிருந்தார். ஆட்கள் ஆறாம் குழியை இறைத்தார்கள். நாலாம் குழி, உள்ளே ஊறிய தோலோடு, மூடியபடி கிடந்தது. மறுநாள் வெள்ளி. சாயபுமார் ஷாப்புகளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமைதான் லீவு. கேட்டில் பூட்டு.

அந்த வெள்ளிக்கிழமை முழுவதும் மேரி பூட்டிய கேட்டைச் சுற்றி நடந்தாள். வீட்டுக்குப் போவாள், உலையை வைப்பாள், அரிசி போட மறந்து திரும்பவும் கேட்டுக்கு வருவாள். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு வேகமாகப் பிடிக்கும். தோல் ஒரு நாள் கூடுதலாய்க் கிடந்தால் மேல்பரப்பு தளரும், இரண்டு நாள் கிடந்தால் நகம் பட்ட இடம் கையோடு வரும். ஒருவேளை ஆறாம் குழியாகவே இருக்கலாம். ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம். வாட்ச்மேன் அவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று முடிவு செய்து மோர் கொடுத்தான்.

சனிக்கிழமை நாலாம் குழியைத் திறந்தார்கள். கன்னியப்பன் ஒரு தோலை எடுத்து விரலால் தேய்த்தான். மேல்பரப்பு விரலோடு வந்தது. அறுநூறு தோலும் அப்படித்தான்.

முன்ஷி ஊரிலிருந்து திரும்பியதும் மூன்று பேரும் ஜன்னலடியில் கூடினார்கள். "படிக்கிறவ சரியாப் படிக்கல" என்றான் கன்னியப்பன். "நான் இதைவிட ஒழுங்கா எழுத முடியாது" என்றார் முன்ஷி. மேரி சீட்டை நீட்டி, "இதுல நாலுங்கிற எழுத்து எங்க கீதுன்னு காட்டுங்க முன்ஷி சாயபு" என்றாள். அவர் காகிதத்தை வாங்கி முழுவதும் படித்து, தன் எழுத்தின் அழகை ஒரு தரம் ரசித்து, மடித்து வைத்துக்கொண்டார்.

தோல் கெட்ட சேதி எட்டி, செவ்வாய்க்கிழமை மதராஸிலிருந்து சாயபுவின் உருதுக் கடிதம் வந்தது. முன்ஷி அதை ஜன்னலில் நின்று தமிழில் சொன்னார். "வருகிற சனிக்கிழமை வருகிறேன். ஏழாம் குழியில் இருக்கும் தோலைப் பார்ப்பேன். அதுவும் கெட்டிருந்தால் சீட்டு படிக்கும் பெண்ணை அன்றைக்கே நிறுத்திவிடவும்." அந்த ஷாப்புக்கு அந்த வருஷம் வந்த கடிதங்களிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட்டது அது ஒன்றுதான்.

ஏழாம் குழித் தோல் வெளியே வர வேண்டிய நாள் அந்த வாரத்து வியாழன். அதே வியாழன், அதற்கு அடுத்து அதே வெள்ளி, அதே பூட்டு.

மேரி முன்ஷியிடம் போனாள். "முன்ஷி சாயபு, வேலைய மொதல்ல எழுதுங்க. குழி நம்பரு, நாளு, நேரம். சலாமைக் கீழ வெச்சுக்கலாம்."

முன்ஷி பேனாவைக் கீழே வைத்தார். "இன்னா மேரி சொல்றே? ஒருத்தன் வூட்டுக்குப் போறோம். வாசல்லயே நின்னு, அரிசி குடுன்னு கேப்பியா? உள்ள போயி, உக்காந்து, நல்லாக்கீறீங்களான்னு கேட்டுட்டுத்தானே கேப்பே."

"வூடு பத்தி எரியிதுன்னு சொல்லப் போனா?"

அவர் மசிப்புட்டியை மூடி வைத்தார். காது சிவந்தது. "நீ எழுதிக்கோ" என்றார். "உன் இஷ்டத்துக்கு எழுதிக்கோ. என் பேரு அதுல வரக்கூடாது. மரியாதை கெட்ட காயிதத்துல என் மசி படாது."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தாள். சின்னப்பன் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாமே, ஒரே எடத்துல நில்லு. எனுக்குத் தலை சுத்துது."

"உங்க ரயில்ல எப்படிய்யா சொல்வாங்க?"

"எங்க ஸ்டேஷன் மாஸ்டரா? 'மூணாம் லைன், கூட்ஸ், போடு.' அவ்ளோதான். நான் 'மூணாம் லைன், கூட்ஸ், போடுறேன்'னு திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் எடத்த விட்டு நகர உடுவாரு."

"சொல்லலைன்னா?"

"ரெண்டு வண்டி முட்டிக்கும். இது கூடத் தெரியாதா." அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டான். "ஆனா மூணு மாசமாச்சு. கால் எப்படி கீதுன்னு ஒரு வார்த்த கேக்கல பாரு அந்த மனுஷன்."

மேரி அவன் முதலில் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவதாகச் சொன்னது அப்போது அவள் காதில் விழவில்லை.

வியாழக்கிழமை காலை ஷாப் திறந்ததும் பென்சிலால் எழுதினாள்:

ஏழாம் குழி.
ஆட்டுத்தோல், முழுவதும்.
வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடவும்.
இன்று வியாழன், உச்சி வேளைக்குள்.

குழியாட்கள் கை கழுவிக்கொண்டு வந்து நின்றார்கள். துண்டு இடுப்புக்கு இறங்கியது. அவள் நாலு வரியையும் படித்து முடித்தாள். ஒருவரும் நகரவில்லை.

"மீதியப் படி" என்றான் கன்னியப்பன்.

"அவ்ளோதான் மேஸ்திரி."

"அவ்ளோதான்னா? இது யாருக்கு வந்த சீட்டு? மொட்டையா கீது."

"உங்களுக்குத்தான். ஏழாம் குழி..."

"குழிக்கு வந்திருக்குது. எனுக்கு வரல." அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குழி விளிம்பில் உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "குழியே எடுத்துப் போட்டுக்கட்டும்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேரி விளிம்பின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். "அண்ணே, தோலு கெட்டுப்போனா என்னைப் போவச் சொல்லிடுவாங்க. உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. உன் மேல எனுக்கு இன்னா கோவம்?" அவன் குரல் எழும்பியது. ஷாப் முழுவதும் கேட்டிருக்கும். "ரோட்டுல போனா டேய். கடையில நின்னா டேய், தள்ளி நில்லு. எம் பொண்டாட்டி கூட என்னை ஒரு நாளு 'அவர்கள்'னு சொன்னதில்ல. இந்தக் காயிதம் ஒண்ணுலதான் நான் மேன்மை பொருந்தினவன். வெயில்ல துண்டு போட்டுக்கச் சொல்றதுக்கு எனுக்கு வேற யாரு கீறாங்க? அத்தையும் நீ கத்திரிச்சுட்டியே."

மேரி அப்போதுதான் நின்றாள். அவள் முழுசாக நின்றதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்ததாக அந்த ஷாப்பில் வெகுநாள் பேசிக்கொண்டார்கள். சின்னப்பனின் கால் ஞாபகம் வந்தது, மூன்று மாதமாக யாரும் விசாரிக்காத அந்தக் கால்.

சீட்டை எடுத்துக்கொண்டு பட்டைக் குவியலுக்குப் பின்னால் ஓடினாள். முன்ஷி எழுதிய சலாம்களை மாதக்கணக்கில் படித்துப் படித்து அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. நாலு வரிக்குக் கீழே காலியாய்க் கிடந்த இடத்தில், மேன்மை பொருந்திய என்பதில் தொடங்கித் தலையில் துண்டு போட்டுக்கொள்வது வரை ஒன்று விடாமல் எழுதி இறக்கினாள். முன்ஷி ஜன்னலை விட்டு அசையவேயில்லை. அவருக்கு அவர் வீம்பு.

திரும்பி வந்து, காகிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, சலாம் வந்திருக்குது. நெறைய வந்திருக்குது. ஆனா படிக்க மாட்டேன்."

"ஏன்?"

"மேல நாலு வரி சொன்னேனே, அத்த நீ திருப்பிச் சொல்லு. அப்பால படிக்கிறேன்."

கன்னியப்பன் அவளைப் பார்த்தான். காகிதத்தின் கீழ்ப்பாதி கறுப்பாய் நிறைந்திருந்ததையும் பார்த்தான். "ஏழாம் குழி" என்றான் எழுந்து நின்று. "ஆட்டுத்தோலு, மொத்தமும். எடுத்து, தண்ணித் தொட்டியில போடணும்."

"எப்போ?"

"இன்னிக்கி. உச்சிக்குள்ள."

மேரி படித்தாள். துண்டுகள் இறங்கின. சகலருக்கும் சலாம் என்றதும் எல்லோரும் சலாம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள், ஏழாம் குழியைப் பார்த்து. பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது கடைசித் தோல் தண்ணீரில் விழுந்தது.

வெள்ளிக்கிழமையும் அவள் கேட்டைச் சுற்றி நடந்தாள். காரணம் ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்பே மோரோடு நின்றான்.

சனிக்கிழமை நிசார் அஹமது சாயபு மெயிலில் வந்து இறங்கினார். ஏழாம் குழித் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். நாலாம் குழி ஏன் கெட்டது, இது ஏன் கெடவில்லை என்று கேட்டார். கன்னியப்பன் மடியிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். ஏழாம் குழி, ஆட்டுத்தோல், தண்ணீர்த் தொட்டி, வியாழன், உச்சி. அதன் பிறகு, யாரும் கேட்காமலே, அதே மூச்சில் சலாமையும் சொன்னான்.

சாயபுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. காகிதம் தலைகீழாக இருப்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இவனுக்குப் படிக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதுங்க" என்றாள் மேரி.

"படிக்காமலே இத்தனையும் சொல்றான். அப்போ சீட்டு படிக்க ஆளு வேணாம்."

மேரி கேட்டைப் பார்த்தாள்.

"எழுதறதுக்குத்தான் ஆளு வேணும்" என்றார் சாயபு. "இனிமே குழிச் சீட்டெல்லாம் இந்தப் பொண்ணு எழுதட்டும். படிச்சுக் காட்டறதையும் அவளே பாத்துக்கட்டும்." திரும்பிப் பார்த்தால் மேரி அங்கே இல்லை. எட்டாம் குழிப் பக்கம் பாதி தூரம் போய்விட்டிருந்தாள்.

பதினோரு வருஷம் அவள் அந்த ஷாப்பில் எழுதினாள். மேலே வேலை, கீழே சலாம். வேலையைத் திருப்பிச் சொன்னவனுக்குத்தான் சலாம். சின்னப்பன் கால் தேறி வேலைக்குத் திரும்பிய அன்று, அவனுடைய ஸ்டேஷன் மாஸ்டருக்கும் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினாள். முதல் நாலு வரியில் சின்னப்பன் எந்த லைன் வரைக்கும் நடக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று இருந்தது. கீழே, "அவர் கால் எப்படி இருக்கிறது என்று தாங்கள் ஒரு வார்த்தை கேட்க வேண்டியது" என்று இருந்தது. அதைப் படிக்க மாஸ்டர் எடுத்துக்கொண்ட நேரத்தில்தான் மெயில் நின்றது.

இதையெல்லாம் நான் எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்து என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டே வந்தவள் குர்ஷித், முன்ஷியின் மகன் வயிற்றுப் பேத்தி. இந்த இடம் வந்ததும் கையை நீட்டிக் காகிதத்தை மறைத்துக்கொண்டாள்.

"மெயில் தண்ணி புடிக்க நின்னுச்சு, எப்பவும் நிக்கும். அது போவட்டும். அந்த ஏழாம் குழிச் சீட்டு எங்க வூட்டு டிரங்குப் பெட்டியில கீது. மேல நாலு வரி பென்சிலு. கீழ சலாம் நாணல் பேனா, மசி. அது மேரியம்மா எழுதினது இல்ல. மேஸ்திரி சத்தம் போட்டது ஜன்னல் வரைக்கும் கேட்டுச்சாம். எங்க தாதா, அதான் முன்ஷி, கைக்குட்டைய மூக்குல வெச்சிக்கிட்டு, மசிப்புட்டியத் தூக்கிக்கிட்டு, அந்த நாப்பது அடியும் நடந்துதான் போனாரு."